பொருள் மட்டும் தெரியட்டும்: படத்தின் பின்புலத்தை நீக்கும் முறை

சங்கத்தின் விற்பனைக் கூடத்திற்கு வரும் வாடிக்கையாளர் முதலில் செய்வது யாது? சேலையின் முந்தானையை விரித்து இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்க்கிறார். வாசல் வெளிச்சத்தில் பிடித்துச் சாயத்தை நோக்குகிறார். கரையைத் திருப்பி உட்புறத்து இழைகளைக் காண்கிறார். மஞ்சள் வாங்க வருபவரோ விரலி ஒன்றை ஒடித்து, உள்நிறத்தைப் பார்த்து, முகர்ந்த பின்னரே விலை பேசுகிறார். கைப்பேசி வாயிலாக வாங்குபவருக்கு இவற்றுள் ஒன்றும் வாய்ப்பதில்லை. அவருக்குக் கிடைப்பது ஒரு படம் மட்டுமே. தொடுதல், ஒடித்தல், முகர்தல் ஆகிய அனைத்துக்கும் பதிலாக அந்த ஒரு படம் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆய்வுப் பணியின் நிமித்தம் சங்கங்களுக்குச் செல்லுங்கால், விற்பனைக்கென எடுத்து வைத்திருக்கும் படங்களையும் நாம் பார்ப்பதுண்டு. அவற்றில் இருவகைக் குறைகளைக் காண்கிறோம். ஒரு வகையில், பல நாள் உழைப்பைத் தாங்கிய சேலைக்குப் பின்னால் துருப்பிடித்த அலமாரிக் கதவும், தொங்கும் மின்கம்பியும், நாற்காலியின் காலும் தெரிகின்றன. மறுவகையில், வெளியாரிடம் கூலி கொடுத்துத் திருத்தி வாங்கிய படத்தில் பின்புலம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் முந்தானைக் குஞ்சம் பாதி வெட்டுண்டிருக்கிறது. அரக்கு நிறம் செந்நிறமாக மாறியிருக்கிறது. முதல் வகைப் படம் வாங்குவோரை வரவிடாமல் செய்கிறது. இரண்டாம் வகை, வாங்கியவரைப் பொருளைத் திருப்பி அனுப்பச் செய்கிறது. திரும்பி வரும் பார்சலின் செலவு எந்தக் கணக்கில் எழுதப்படினும், முடிவில் அது அங்கத்தினரின் பங்கிலிருந்தே கழிகிறது.

இவ்விரு குறைகளையும் செலவின்றி நம் கையாலேயே நீக்கிக்கொள்ள இயலும். அதற்குரிய முறையைப் படிப்படியாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பின்புலத்தை ஏன் நீக்க வேண்டும்?

பின்புலம் என்பது பொருளைச் சுற்றிலும் படத்தில் விழுந்துவிடும் ஏனைய யாவும். கண் நேரில் பார்க்கும்போது வேண்டாதவற்றைத் தானே ஒதுக்கிவிடும். படக்கருவிக்கு அந்தப் பகுத்தறிவு கிடையாது. எதிரில் உள்ள அனைத்தையும் ஒன்றுபோல் பதிவு செய்துவிடுகிறது. சிறிய திரையில் பார்ப்பவருக்கு எது விற்பனைப் பொருள், எது அருகிலிருந்த பொருள் என்பதே ஐயமாகிவிடுகிறது.

விற்பனைத் தளங்களும் இதற்கெனத் தனி விதி வைத்துள்ளன. உதாரணமாக, அமேசான் தளத்தில் பொருளின் முதற்படம் தூய வெண்ணிறப் பின்புலத்தில் இருத்தல் வேண்டும்; படச் சட்டத்தில் 85 விழுக்காட்டைப் பொருளே நிரப்ப வேண்டும் என்பது விதி. சங்கம் தன் சொந்த விலைப்பட்டியலையோ, கண்காட்சி அட்டையையோ அச்சிடும்போதும் இதே தேவை எழுகிறது. பத்துச் சேலைகளை ஒரு பக்கத்தில் அடுக்க வேண்டுமாயின், பத்து விதமான சுவர்களும் தரைகளும் பின்னால் இருந்தால் அப்பக்கம் சந்தைக் கூச்சலாகத் தோன்றும். பின்புலம் ஒன்றாயின் சேலைகள் தத்தம் வேறுபாட்டைத் தாமே பேசும்.

2. எல்லோருக்கும் உரிய கருவி

படம் திருத்தும் மென்பொருள்கள் பல உள. அவற்றுள் சில மாதந்தோறும் சந்தா கேட்பவை. நாம் இங்கு எடுத்துக்கொள்வது 'கிம்ப்' என்னும் கட்டணமில்லா மென்பொருளை. அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் 1995ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். 1996இல் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. அன்று முதல் பல நாட்டுத் தன்னார்வலர்கள் இதனைச் செப்பனிட்டு வருகின்றனர். இதன் மூன்றாம் பெரும் பதிப்பு 2025 மார்ச்சில் வெளிவந்தது.

இது விலையில்லாதது என்பது ஒரு சிறப்பு. அதனினும் பெரிய சிறப்பு இதன் உரிமம். எக்காரியத்திற்கும் பயன்படுத்தலாம், எத்தனை கணினியிலும் நிறுவலாம், பக்கத்துச் சங்கத்துக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், அறிந்தவர் அதன் உட்கூற்றைத் திறந்து பார்த்து மாற்றியும் அமைக்கலாம். மாற்றி வெளியிடுபவர் அதே உரிமைகளைப் பிறருக்கும் கொடுத்தாக வேண்டும் என்பதே நிபந்தனை. பலர் உழைப்பால் உருவாகி, எவர் ஒருவருக்கும் தனியுடைமையாகாமல், பயன்படுத்துவோர் அனைவருக்கும் பொதுவாக நிற்கும் இம்முறை கூட்டுறவாளருக்குப் புதிதன்று. நம் இயக்கத்தின் கொள்கையே வேறோர் உருவில் வந்திருக்கிறது எனலாம்.

ஓர் எச்சரிக்கை: இம்மென்பொருளைக் கிம்ப் குழுவினரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்க. அதே பெயரைச் சொல்லிப் பணம் கேட்கும் இடங்களையும், வேறெதையோ சேர்த்து நிறுவச் சொல்லும் இடங்களையும் தவிர்க்க.

ஒரே தொடுதலில் பின்புலத்தை நீக்கித் தருவதாகக் கூறும் இணையச் சேவைகளும் இன்று பல உண்டு. மஞ்சள், தேங்காய், வெல்லம் போன்ற திரண்ட பொருள்களுக்கு அவை ஓரளவு உதவும். எனினும் இரண்டு செய்திகளை மறவாதிருத்தல் நலம். அவற்றுள் பெரும்பாலானவற்றில் நம் படம் வேறொருவர் கணினிக்குச் சென்றே திரும்புகிறது. இன்னும் விற்பனைக்கு வராத புதிய வடிவத்தை அவ்வாறு அனுப்பலாமா என்பதை நிர்வாகக் குழு யோசித்து முடிவு செய்ய வேண்டும். நம் வடிவம் விசைத்தறியில் ஏறிவிட்ட பின் வருந்திப் பயனில்லை. மேலும், குஞ்சம், மெல்லிழை, ஜரிகை மினுக்கு ஆகியவற்றை அச்சேவைகள் ஊகத்தால் வெட்டுகின்றன. அந்த ஊகம் தவறினால் பொறுப்பு நம்முடையது. கிம்பில் படம் சங்கத்தின் கணினியை விட்டு வெளியே செல்வதில்லை. வெட்டும் இடத்தைத் தீர்மானிப்பதும் நம் கண்ணே.

3. படம் எடுக்கும்போதே பாதி வேலை

பாவு சீராக ஓடியிருந்தால் நெய்வது எளிது. அதுபோல, படம் ஒழுங்காக எடுக்கப்பட்டிருந்தால் பின்புலத்தை நீக்குவது எளிது. பின்வருவனவற்றைக் கைக்கொள்க.

வெயில் நேரே விழாத தாழ்வாரத்தில், பகல் வெளிச்சத்தில் படம் எடுக்க. கைப்பேசியின் பளிச்சொளியைப் போடவேண்டாம். ஜரிகை அதில் வெள்ளைத் திட்டாகிவிடும். பகல் வெளிச்சத்தையும் குழல் விளக்கையும் கலக்க வேண்டாம். ஒரே சேலையின் இரு பக்கங்கள் இரு நிறமாகத் தோன்றும்.

பொருளின் நிறத்தில் இல்லாத ஒரு நிறத்தைப் பின்னால் அமைக்க. வெள்ளை வேட்டியை வெள்ளைச் சுவருக்கு முன் வைத்தால் விளிம்பு எங்கே என்று மனிதனுக்கே தெரியாது. மென்பொருளுக்கு எவ்வாறு தெரியும்? வேட்டிக்குச் சாம்பல் நிறத் தாள் தகும். பலநிறச் சேலைக்கும் அதுவே பெரும்பாலும் நன்று. கண்ணைப் பறிக்கும் பச்சை, நீலத் துணிகளை மிக நெருக்கமாக வைத்தால் அவற்றின் நிறம் பொருளின் ஓரத்தில் ஏறி எதிரொளிக்கும். ஆகவே பொருளுக்கும் பின்திரைக்கும் இரண்டு மூன்றடி இடைவெளி விடுக. பொருளின் நிழலும் அப்போது திரையில் விழாது.

கைப்பேசியை முக்காலியில் நிறுத்தி எடுக்க. நடுங்கிய படத்தின் விளிம்பு கலங்கியிருக்கும். கலங்கிய விளிம்பை எக்கருவியாலும் சரியாக வெட்ட இயலாது. வரிசையின் முதற்படத்தில் மட்டும் பொருளுக்கருகே ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்துக்கொள்க. அத்தாள் பின்னர் நிறத்தைச் சரிபார்க்கும் உரைகல்லாகப் பயன்படும்.

4. படமும் ஒரு நெசவே

செய்முறைக்குச் செல்லுமுன் தத்துவத்தைச் சற்று அறிந்துகொள்வோம். நெசவாளர்க்கு இது கடினமன்று. புட்டா வடிவத்தைக் கட்டத்தாளில் எழுதுகிறோம். ஒவ்வொரு கட்டமும் ஓர் இழைச் சந்திப்பைக் குறிக்கிறது. கணினியிலுள்ள படமும் அத்தகைய கட்டங்களால் ஆனதே. கிடையாக 4,000 கட்டங்களும் நெடுக்காக 3,000 கட்டங்களும் கொண்ட கைப்பேசிப் படத்தில் மொத்தம் 1 கோடியே 20 லட்சம் கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டத்துக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். மூன்றும் 255 ஆயின் தூய வெண்மை. மூன்றும் 0 ஆயின் கருமை.

பின்புலத்தை நீக்குவதற்கு நான்காவதாக ஓர் எண் தேவைப்படுகிறது. அக்கட்டம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமா, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிய வேண்டுமா என்பதை அது குறிக்கும். இதற்கு 'ஆல்ஃபா' என்று பெயர். 0 எனில் முற்றிலும் மறைவு. 255 எனில் முழுத் தோற்றம். இடைப்பட்டது அரைத் தோற்றம். பின்புலம் நீக்குதல் என்பது, பொருளுக்குரிய கட்டங்களைத் தெரிவு செய்து, ஏனையவற்றின் நான்காம் எண்ணைச் சுழியாக்குதலே.

இதனை இருவழியில் செய்யலாம். ஒன்று, வேண்டாத கட்டங்களை அழித்துவிடுதல். மற்றொன்று, அழிக்காமல் மறைத்தல். மதுரைச் சுங்குடியில் துணியை முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்க்கிறோம். முடிச்சுக்குள் சாயம் ஏறுவதில்லை. முடிச்சை அவிழ்த்தால் உள்ளிருந்த துணி பழுதின்றி இருக்கிறது. கிம்பில் உள்ள 'லேயர் மாஸ்க்' என்னும் மறைதிரையும் இத்தகையதே. திரையில் வெள்ளை பூசிய இடம் தெரியும். கருப்புப் பூசிய இடம் மறையும். சாம்பல் பூசிய இடம் அரைகுறையாகத் தெரியும். படம் மட்டும் அடியில் முழுமையாக இருக்கும். குஞ்சத்தைத் தவறி மறைத்துவிட்டால் வெள்ளையைப் பூசி மீட்கலாம். அழித்துவிட்டதை அவ்வாறு மீட்க முடியாது. ஆதலின் எப்போதும் மறைதிரையையே பயன்படுத்துக.

5. முதல் முறை: நிறத்தால் பிரித்தல்

ஒரே நிறத் தாளின் மேல் வைத்து எடுத்த மஞ்சள், மிளகாய், தேங்காய், தட்டையாக மடித்த துண்டு ஆகியவற்றுக்கு இம்முறை ஏற்றது. கிம்பின் பட்டிகளில் உள்ள ஆங்கிலப் பெயர்களை அவ்வாறே தமிழெழுத்தில் தருகிறோம். பயில்வோர் திரையில் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

முதற்கண், படத்தின் பிரதி ஒன்றைத் திறக்க, மூலப்படத்தைத் தொடவேண்டாம். 'லேயர்' பட்டியில் 'டிரான்ஸ்பேரன்சி' என்பதனுள் 'ஆட் ஆல்ஃபா சானல்' என்பதை அழுத்துக. அது மங்கலாக இருப்பின் ஆல்ஃபா முன்னரே உள்ளது என்று பொருள்.

அடுத்து, கருவிப் பெட்டியில் மந்திரக்கோல் உருவில் உள்ள 'ஃபஸி செலக்ட்' கருவியை எடுத்துப் பின்புலத்தில் ஓரிடத்தில் அழுத்துக. அந்நிறத்தை ஒத்து, ஒன்றையொன்று தொட்டு நிற்கும் கட்டங்கள் யாவும் தெரிவாகும். எவ்வளவு ஒத்திருந்தால் சேர்ப்பது என்பதை 'திரெஷோல்ட்' என்னும் அளவு தீர்மானிக்கிறது. இது களத்துச் சல்லடை போன்றது. கண் பெரிதானால் மணியும் சேர்ந்து விழுந்துவிடும். கண் சிறிதானால் மண்ணும் மேலேயே தங்கிவிடும். அளவு மிகுந்தால் தெரிவு பொருளுக்குள் புகும். குறைந்தால் பின்புலத்தில் தீவுகள் எஞ்சும். எஞ்சிய இடங்களை 'ஷிஃப்ட்' விசையை அழுத்தியவாறு சொடுக்கிச் சேர்த்துக்கொள்க.

இப்போது தெரிவாகியிருப்பது பின்புலம். நமக்கு வேண்டுவதோ பொருள். 'செலக்ட்' பட்டியில் 'இன்வெர்ட்' என்பதை அழுத்தினால் தெரிவு தலைகீழாகிப் பொருளுக்கு மாறும். பிறகு அதே பட்டியில் 'ஷ்ரிங்க்' என்பதில் 1 என்று கொடுத்து ஒரு கட்டம் உட்சுருக்குக. 'ஃபெதர்' என்பதில் 1 அல்லது 2 கொடுத்து விளிம்பை மென்மையாக்குக. கத்தரியால் வெட்டியது போன்ற கூர்மை இவ்வாறு நீங்கும்.

இறுதியாக, 'லேயர்' பட்டியில் 'மாஸ்க்' என்பதனுள் மறைதிரை சேர்க்கும் கட்டளையை அழுத்தி, தோன்றும் பெட்டியில் 'செலக்ஷன்' என்பதைத் தேர்ந்து ஒப்புக்கொள்க. பின்புலம் மறைந்து, அவ்விடத்தில் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள் தோன்றும். அது கண்ணாடித் தன்மையைக் காட்டும் அடையாளம், அச்சில் வாராது.

6. இரண்டாம் முறை: கோட்டால் பிரித்தல்

சேலையின் நிறமும் பின்புலத்தின் நிறமும் எங்கேனும் நெருங்கியிருந்தால் முதல் முறை பயன்படாது. மடித்த பட்டுச் சேலை, பெட்டி, புட்டி போன்ற திட்டமான விளிம்புள்ள பொருள்களுக்குக் கோட்டு முறையே சிறந்தது. நேரம் சற்றுக் கூடும். முடிவு மிகச் சுத்தமாக இருக்கும்.

'பாத்ஸ்' கருவியை எடுத்து, படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, விளிம்பின் ஓரிடத்தில் சொடுக்குக. ஒரு முனை விழும். விளிம்பைத் தொடர்ந்து அடுத்தடுத்து முனைகளை இடுக. நேரான மடிப்பில் இரண்டு முனைகளே போதும். வளைவு வரும் இடத்தில் சொடுக்கிய விரலை எடுக்காமல் இழுத்தால் கோடு வளையும். முனைகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு வளைவு ஒழுங்காக அமையும். சுற்றி முடித்ததும் 'கன்ட்ரோல்' விசையை அழுத்தியவாறு முதல் முனையைச் சொடுக்கிக் கோட்டை மூடுக. 'என்டர்' விசையை அழுத்தினால் கோடு தெரிவாக மாறும். அதன்பின் மென்மையாக்குதலும் மறைதிரை இடுதலும் முன்போலவே.

கோடு பொருளின் ஓரத்திற்கு மயிரிழை உட்புறமாகவே செல்லட்டும். ஆனால் மயிரிழை என்பது மயிரிழையாகவே இருக்க வேண்டும். கரையில் நான்கைந்து இழைகளை விழுங்கிவிட்டால் கோர்வைக் கரையின் அகலமே படத்தில் மாறிவிடும். அளவில் குறைத்து விற்பதற்கும் அதற்கும் பார்வைக்கு வேறுபாடில்லை.

7. மூன்றாம் முறை: குஞ்சமும் மெல்லிழையும்

முந்தானைக் குஞ்சம், சணல் கயிறு, கரும்புத் தோகை, சோளக் கதிரின் மீசை ஆகியவை கோட்டுக்கும் அடங்கா; நிறத்துக்கும் முழுதும் அடங்கா. ஒவ்வோர் இழைக்கும் நடுவே பின்புலம் எட்டிப் பார்க்கும். இதற்கெனக் கிம்பில் 'ஃபோர்கிரவுண்ட் செலக்ட்' என்னும் கருவி உண்டு.

முதலில் பொருளையும் குஞ்சத்தையும் உள்ளடக்கிப் பரும்படியாக ஒரு கோட்டைச் சுற்றி வரைந்து 'என்டர்' அழுத்துக. கோட்டுக்கு வெளியே உள்ள இடம் நிறமேறித் தோன்றும். அது ஐயத்துக்கிடமின்றிப் பின்புலம். அடுத்து, தூரிகையால் பொருளின் நடுவில் தீட்டுக. அது ஐயத்துக்கிடமின்றிப் பொருள். குஞ்சம் உள்ள பகுதியைத் தீட்டாமல் விட்டுவிடுக. தெரிந்த இரண்டையும் கொண்டு, தெரியாத நடுப்பகுதியில் ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு பொருள், எவ்வளவு பின்புலம் என்று மென்பொருள் கணக்கிடும். முன்னோட்டத்தைப் பார்த்துத் தவறிய இடங்களில் மீண்டும் தீட்டித் திருத்துக. திருப்தியானதும் 'என்டர்' அழுத்தினால் தெரிவு கிடைக்கும். இங்கு 'ஷ்ரிங்க்' செய்ய வேண்டாம், இழைகள் மறைந்துவிடும்.

ஒரே படத்தில் இரு முறைகளையும் கலக்கலாம். சேலையின் உடலைக் கோட்டாலும் குஞ்சத்தை இக்கருவியாலும் பிரித்து, மறைதிரையில் சிறு தூரிகையால் இணைப்பைச் சரிசெய்வது அனுபவமுள்ளோர் வழக்கம். தூரிகையின் கருப்பு, வெள்ளை நிறங்களை மாற்றிக்கொள்ள விசைப்பலகையில் 'எக்ஸ்' எழுத்தை அழுத்தினால் போதும்.

8. விளிம்பைச் சோதித்தல்

வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும் இவ்விடத்தில்தான் பலர் நின்றுவிடுகின்றனர். வெண்ணிறப் பின்புலத்தில் நன்றாகத் தெரிந்த படம், வேறு நிறத்தின் மேல் வைத்ததும் ஓரமெல்லாம் சாம்பல் வளையத்துடன் காட்சியளிக்கும். ஆகவே, படத்துக்கு அடியில் புதிய அடுக்கு ஒன்றைச் சேர்த்து, முதலில் கருப்பாலும், பின்னர் அடர்ந்த சிவப்பாலும் நிரப்பிப் பார்க்க. எஞ்சிய பின்புலம் எங்கெங்கு ஒட்டியிருக்கிறது என்பது உடனே வெளிப்படும். அவ்விடங்களில் மறைதிரையின் மேல் கருப்புத் தூரிகையால் தொட்டுச் சரிசெய்க. முடிவில் அந்த அடுக்கைத் தூய வெண்மையால் நிரப்புக. மூன்று எண்களும் 255 என்று இருக்கட்டும். 254க்கும் 255க்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாதெனினும், தூய வெண்மை கேட்கும் இடத்தில் தூய வெண்மையே கொடுப்பது முறை.

நிறத்தையும் இப்போதே சோதிக்க வேண்டும். வெள்ளைத் தாளோடு எடுத்த படத்தில் தாள் நீலம் பாய்ந்தோ மஞ்சள் பாய்ந்தோ தெரிந்தால் சேலையின் நிறமும் அவ்வாறே பிறழ்ந்திருக்கிறது என்று அறிக. 'கலர்ஸ்' பட்டியிலுள்ள 'கலர் டெம்பரேச்சர்' என்பதால் தாள் வெண்மையாகத் தோன்றும்வரை திருத்தி, அதே அளவை அவ்வரிசையின் ஏனைய படங்களுக்கும் கொடுக்க. பிறகு சேலையைக் கணினிக்கு அருகில் பகல் வெளிச்சத்தில் விரித்து, திரையையும் துணியையும் மாறிமாறிப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஒப்புதலை, கூடுமானவரையில், அதை நெய்தவரே கொடுப்பது உத்தமம். அந்தச் சாயத்தை அவரைவிட நன்கறிந்தவர் யார்?

9. சேமித்து வைத்தல்

கிம்பில் 'சேவ்' என்பது அதன் சொந்த வடிவமான 'எக்ஸ்.சி.எஃப்.' கோப்பாகச் சேமிக்கும். அடுக்குகளும் மறைதிரைகளும் அதில் பிரியாமல் இருக்கும். நாளை திருத்த வேண்டுமாயின் அதுவே உதவும். பிறருக்கு அனுப்பும் படத்தை 'எக்ஸ்போர்ட் ஆஸ்' என்பதால் எடுக்க வேண்டும். கண்ணாடிப் பின்புலம் வேண்டுமாயின், வெண்ணிற அடுக்கின் கண் குறியை அணைத்துவிட்டு 'பி.என்.ஜி.' வடிவில் எடுக்க. 'ஜே.பெக்' வடிவத்துக்கு ஆல்ஃபாவை ஏற்கும் வசதி கிடையாது. வெண்ணிறப் பின்புலப் படத்தை மட்டும் அதில் எடுக்கலாம்.

மூலப்படம், வேலைக்கோப்பு, வெளியீட்டுப் படம் ஆகிய மூன்றையும் தனித்தனி உறைகளில் வைத்து, கோப்பின் பெயராகச் சங்கத்தின் இருப்புப் பதிவேட்டு எண்ணையே இடுக. எந்தப் படம் எந்தச் சேலைக்குரியது என்ற குழப்பம் அப்போது எழாது. மூலப்படத்தை ஒருபோதும் அழிக்க வேண்டாம். வாங்கியவர் வழக்கெழுப்பினால், திருத்தாத அப்படமே சங்கத்தின் சாட்சி.

10. நீக்கத்தகாதவை

இப்பாடத்தின் முக்கியமான பகுதிக்கு வந்துள்ளோம். பின்புலத்தை நீக்கக் கற்ற கை, அங்கேயே நிற்பதில்லை. 'இந்த முடிச்சையும் நீக்கினால் என்ன? இந்த மங்கலையும் தீட்டினால் என்ன?' என்று அது கேட்கத் தொடங்கும். கிம்பில் அதற்கும் கருவிகள் உள. ஓரிடத்துத் துணியைப் பிரதியெடுத்து மற்றோரிடத்தின் மேல் ஒட்டிவிடலாம்.

கைத்தறித் துணியில் ஆங்காங்கே இழை சற்றுத் தடித்திருக்கும். நெய்யும்போது துணியின் அகலத்தை இழுத்து நிறுத்தும் குச்சியின் ஊசித் துளைகள் கரையோரத்தில் வரிசையாகத் தெரியும். இவை குறைகள் அல்ல. கையால் நெய்தது என்பதற்குரிய அடையாளங்கள். இவற்றைத் துடைத்துவிட்ட படம் விசைத்தறித் துணியின் படம்போல் ஆகிவிடுகிறது. நம் பொருளின் பெருமையை நாமே அழித்து, குறைந்த விலைக்காரரோடு நம்மைச் சேர்த்துக்கொள்கிறோம். மற்றொருபுறம், உண்மையான குறையாகிய சாயக் கறையையோ அறுந்த இழையையோ படத்தில் மறைத்தால் அது ஏமாற்று. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மைக்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கலாகாது. விதி இல்லாவிடினும் நம் நெறி அதுவே.

1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் பலரும் ஏனைய தொழிலாளரும் சேர்ந்து கூட்டுறவுக் கடை திறந்தபோது, அவர்கள் வாடிக்கையாளருக்கு அளித்த உறுதி கலப்படமற்ற பொருள், குறையாத எடை என்பதே. மாவில் சுண்ணாம்பைக் கலந்து விற்ற காலம் அது. இன்று நம் பொருளை வாங்குபவர் தராசைப் பார்ப்பதில்லை, படத்தைப் பார்க்கிறார். ஆகவே படமே நம் தராசு. பின்புலத்தை நீக்குவது தராசுத் தட்டின் தூசியைத் துடைப்பது போன்றது. பொருளின் நிறத்தையும் நெய்த்தியையும் மாற்றுவது தட்டின் அடியில் மெழுகை ஒட்டுவது போன்றது. முன்னது கடமை, பின்னது குற்றம்.

11. சங்கத்தில் செய்யவேண்டிய ஏற்பாடு

இவ்வேலைக்கு விலையுயர்ந்த கணினி தேவையில்லை; அலுவலகக் கணக்குக்கு வைத்துள்ள கணினியே பெரும்பாலும் போதும். அங்கத்தினர் குடும்பங்களில் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞரும் பெண்களும் உள்ளனர். அவர்களுள் இருவரைத் தேர்ந்து பயிற்றுவித்து, படத்துக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயித்தால், வெளியே சென்றுகொண்டிருந்த தொகை சங்கத்துக்குள்ளேயே சுழலும். ஒருவரை மட்டும் நம்பியிராமல் இருவரைப் பயிற்றுவிக்குமாறு கூறுவதற்குக் காரணம் உண்டு: அந்த ஒருவர் வேலை கிடைத்து வெளியூர் சென்றதும் பழைய நிலைக்கே திரும்பிய சங்கங்களை நாம் கண்டிருக்கிறோம்.

பருத்தியை விதைத்தவர் ஒருவர், நூற்றவர் ஒருவர், சாயமிட்டவர் ஒருவர், நெய்தவர் ஒருவர். இத்தனை கைகள் சேர்ந்து செய்த பொருளின் முகத்தைக் கடைசியாகத் துடைத்து அனுப்பும் கையும் நம்முடையதாகவே இருக்கட்டும்.

பயிற்சி

(1) நீலத் தாளின் மேல் ஐந்து விரலி மஞ்சளை வைத்துப் படமெடுத்து, முதல் முறையால் பின்புலத்தை நீக்குக. 'திரெஷோல்ட்' அளவை மும்முறை மாற்றி, எந்த அளவில் தெரிவு மஞ்சளுக்குள் புகுகிறது என்பதைக் குறித்துக்கொள்க.

(2) மடித்த சேலை ஒன்றைக் கோட்டு முறையால் பிரித்து, கருப்பு, சிவப்பு, வெள்ளை ஆகிய மூன்று அடுக்குகளின் மேல் வைத்து விளிம்பைச் சோதிக்க.

(3) குஞ்சமுள்ள முந்தானையை மூன்றாம் முறையால் பிரித்த பின், குஞ்சத்தின் இழைகளை மூலப்படத்திலும் திருத்திய படத்திலும் எண்ணி ஒப்பிடுக. எண்ணிக்கை குறைந்தால் மறைதிரையில் வெள்ளையைத் தீட்டி மீட்க.

(4) உங்கள் சங்கத்தின் விலைப்பட்டியலில் உள்ள படங்களுள் ஒன்றை எடுத்து, உரிய பொருளின் அருகில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க. பொருளும் படமும் ஒரே நிறத்தைக் கூறுகின்றனவா என்பதை நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் தெரிவிக்க.